பெரிய வேலை ஒப்புக்கொள்ளப் போகிறவனுக்கு

அன்புள்ள நண்பா,

பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டிக்கொள். பட்டறையில் ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத்தில் வெல்டிங் அடிக்க வேண்டிய ஒரு சேனல் (ப வடிவ இரும்பு) பிரேம் படுத்துக் கிடந்தது. தண்ணீர் குடிக்கக்கூட அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அது வண்டி ஏறிய பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது. வீட்டில் எல்லோரும் நலம். மீசை மேஸ்திரியும் விசாரித்தார், வழக்கம்போல "கோணல் மன்னன் எப்படி இருக்கான்?" என்றுதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். பெரிய வேலை வருகிறது, 400 ஆம்ப் வெல்டிங் மெஷின் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. கனமான பிளேட் வேலை என்றால் பேச்சு வேறு. நீ சொன்ன சேனலுக்கும் ஆங்கிளுக்கும் (L வடிவ இரும்பு) கையில் இருப்பதே போதும். 200 ஆம்பில் 60 சதவீதம் என்று அதன் தகட்டில் போட்டிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டிவிட்டு நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். அந்த நான்கு நிமிடம் வெல்டின் மேல் படியும் சிலாக் ஓட்டைத் தட்டவே போய்விடும். மெஷின் நிற்கிறதே என்று அவசரப்படாதே. இரும்பும் ஆற வேண்டும்.

பெரிய வேலையில் நம்மைக் கவிழ்ப்பது இந்தச் சூடுதான். அரை மீட்டர் ஸ்டூலில் ஒரு மில்லிமீட்டர் கோணினால் சுத்தியல் போதும். ஆறு மீட்டர் பிரேம் முறுக்கிக்கொண்டால் நாலு பேர் ஏறி நின்றாலும் இறங்காது. அதனால் மொத்தத்தையும் முதலில் டேக், அதாவது அங்கங்கே சின்னச் சின்ன ஒட்டு வெல்ட், போட்டே நிறுத்திவிடு. இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வருகிறதா பார். எங்களுடையது 6325 மில்லி. அது சரியாக வரும்வரை ஒரு வெல்டிங் ராடுகூட முழுசாக எரிக்க விடவில்லை. பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டோம். நீள வெல்டைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டையும் பின்னோக்கி இழுத்து முடித்தோம். அளவெல்லாம் மறுநாள் காலையில்தான். ஆறு மீட்டர் இரும்பு 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாலே மூன்றரை மில்லிக்கு மேல் நீண்டு நிற்கும். சாயங்காலம் சரியாக இருந்தது காலையில் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் எல்லாம் இதில் மாட்டியவர்கள்தான்.

இதற்கு நடுவில் நம்ம பையன் ஒரு வேலை செய்தான். வரைபடத்தில் 6 மில்லி ஃபில்லட், அதாவது இரண்டு இரும்பு சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்ட். அவன் "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்ணே" என்று 8 மில்லி போட ஆரம்பித்தான். உன் சிஷ்யன் இல்லையா! அந்த முக்கோணத்தின் பக்க அளவு 6-லிருந்து 8 ஆனால் உள்ளே போகும் உலோகம் ஏறக்குறைய 78 சதவீதம் கூடும். ராடும் நேரமும் அந்தக் கணக்கில் போகும், கோணலும் சேர்ந்து கூடும். பலம் மட்டும் யாரும் கேட்காத பலம். வாடிக்கையாளரோ டேக் போட்டு முடித்த பிறகு போல்ட் ஓட்டைகளை 40 மில்லி தள்ளி வைக்கச் சொன்னார். நல்லவேளை, ஓட்டையெல்லாம் வெல்டிங் முடித்துத்தான் போடுவது என்று வைத்திருந்தேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

இனி விளையாட்டு இல்லை, கவனமாகப் படி. தலைக்கு மேல் வெல்டிங் அடிக்க வேண்டாம் என்றால் பிரேமைப் புரட்டித்தான் ஆக வேண்டும். பட்டறையில் ஆள் உயிரே போகக்கூடிய நேரம் இது. ஒரே செயின் பிளாக்கில் (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) தூக்கிப் புரட்டினால், பாரம் செங்குத்தைத் தாண்டிய நொடியில் அதுவாகவே மறுபக்கம் பாயும். அந்தப் பக்கம் இன்னொரு பிளாக் மாட்டி, பிடித்துப் பிடித்து விட வேண்டும். பாரத்தைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கைப் படுக்கையாக விரித்து மாட்டாதே. ஒரு டன்னை இரண்டு ஸ்லிங்கில் தரைக்கு 60 டிகிரியில் தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 580 கிலோ. தரைக்கு 30 டிகிரி அளவுக்குச் சாய்ந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு ஒரு டன்னைத் தாங்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் எவனையும் அடியில் கை நீட்ட விடாதே. கூரை பாரம் தாங்குமா என்று தெரியாவிட்டால் அதில் தொங்கவிடவும் வேண்டாம், தனியாக முக்காலி நிறுத்திக்கொள்.

மெஷினுக்கு எடுத்து வைத்த பணத்தை இதில் போடு. இரண்டு நல்ல செயின் பிளாக், சமமான உயரத்தில் நாலைந்து கனமான ஸ்டாண்டு, நிறைய கிளாம்ப்.

அப்புறம், உன் வாசல் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம்? வண்டி எந்தப் பக்கம் நிற்கும்? முழுசாக வெளியே போகாது என்றால் எங்கே வெட்டி போல்ட் இணைப்பு வைப்பது என்று இப்போதே பேசியாக வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு சுவரை இடிக்க நான் வரமாட்டேன். வரைபடத்தின் நகலையும் சேர்த்து அனுப்பு. வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பு. கொடுத்துவிட்டாய் என்றால் இன்னும் சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி