பாதயாத்திரைக் குழுவின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

மதிப்பிற்குரிய குருசாமி அவர்களே, தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மாலை போட்ட சாமிகளே, மாலை போடாவிட்டாலும் அரிசி மூட்டை அனுப்பத் தவறாத அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை பேர் நடந்தோம், யார் வீட்டில் பூஜை, வண்டி வாடகை எவ்வளவு என்பதோடு நம் ஆண்டறிக்கை வழக்கமாக முடிந்துவிடும். இந்த ஆண்டு அந்த விவரங்களைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும் என்றாலும், புதிதாகச் சேர்ந்த ஏழு பேருக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்தபோது முதல் நாள் இரவு ஒட்டன்சத்திரத்தில் தங்கினோம். மண்டபத்துத் தரையில் ரத்தக் கறை படிந்த கால் தடங்கள் இருப்பதை, கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர்தான் முதலில் பார்த்தார். தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால், நம் மூத்த சாமி ஒருவர் சுவரில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். உள்ளங்கால் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து தொங்குகிறது. "வலியே இல்லை சாமி" என்று சிரித்தார். நாங்களும் அதை முருகன் அருள் என்றே நினைத்தோம். மஞ்சள் அரைத்துப் பூசினோம், மறுநாள் மீதி முப்பது கிலோமீட்டரையும் அவரை நடக்கவிட்டோம். சர்க்கரை நோய் முற்றிக் கால் நரம்புகள் மரத்துப்போனதால்தான் அவருக்கு வலிக்கவில்லை என்பது, பங்குனியில் அவருடைய ஒரு விரலை எடுத்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. சொல்லாமலே நடந்துவிட்டேன் என்று அவர் சொல்கிறார். கேட்காமலே நடக்கவைத்தோம் என்று நான் சொல்கிறேன்.

நாடு முழுவதும் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு வெளியானபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டோம். அந்த 10.1 கோடியில் சிலர் நம் பஜனையில் ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனவே 2024 ஆடிக் கிருத்திகை முதல், மாதாந்திரக் கிருத்திகை வழிபாட்டுக்கு அரை மணி முன்னதாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது என்று செயற்குழு தீர்மானித்தது. உறுப்பினர் ஒருவரின் மகள் செவிலியர். விபூதித் தட்டுக்குப் பக்கத்து மேசையில் அவர் கருவியோடு உட்கார்ந்தார். முதல் மாதம் வரிசையில் நின்றவர்கள் நான்கே பேர், அதில் நானும் தலைவரும் அடக்கம். "சாமி கும்பிட வந்த இடத்தில் எதற்கு ஊசி" என்று ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே போனார். இரண்டாம் மாதம் குருசாமி பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். அளவு 170-ஐத் தாண்டியிருந்தது. அன்றைக்கு 31 பேர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் அதில் ஆறு பேர். அவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம். இப்போது ஐந்து பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஆறாமவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார், அவருக்கே தெரியும்.

நடைப் பயிற்சி கார்த்திகை முதல் தேதி தொடங்கியது. காலை ஐந்தே கால் மணிக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் முன்பு கூடி, மலைக்கோட்டையைச் சுற்றி வருவது. கூப்பிட்டால் வர மாட்டார்கள் என்று தெரிந்து, இதுவும் விரதத்தில் சேர்த்தி என்று குருசாமி அறிவித்தார். அப்படிச் செய்தது சூழ்ச்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவர் பத்து வருடம் சொல்லியும் விடாத பீடியை, கழுத்தில் மாலை விழுந்த நிமிடத்தில் விட்டவர்கள் நம்மிடம் உண்டு. மனைவி சொல்லி எழுந்திருக்காதவர் சாமிக்கு என்றால் நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். இந்தக் குழுவின் பலமே அதுதான் என்று எனக்குப் படுகிறது. மார்கழிப் பனியில் 34 பேர் வரை நடந்தார்கள். பெண்கள் முன்னால் போய்விடுவதாகவும், ஆண்கள் டீக்கடையில் நின்றுவிடுவதாகவும் புகார் வந்தது. விசாரித்தேன், உண்மைதான்.

சாப்பாட்டு விஷயம்தான் தகராறாகிவிட்டது. விரதம் என்று மதியம் ஒருவேளை சாதம் சாப்பிட்டுவிட்டு, இரவு பலகாரம் என்ற பெயரில் எட்டு இட்லி, மேலுக்கு இரண்டு வடை சாப்பிடுவது நம் வழக்கம். பலம் என்றால் பழம், பழத்தை ஆகாரமாகக் கொள்வதே பலகாரம் என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து விளக்கினார். அவருக்கே மறுநாள் வடை பரிமாறப்பட்டது, மறுக்கவில்லை. கிருத்திகைப் பிரசாதத்தைச் சர்க்கரைப் பொங்கலிலிருந்து சுண்டலுக்கு மாற்றியதில் இரண்டு மாதம் கூட்டம் குறைந்தது. யார் எதற்காக வந்துகொண்டிருந்தார்கள் என்பது தெரிந்ததில் செயலருக்கு ஓரளவு மகிழ்ச்சியே. தினை முருகனுக்கு உகந்தது, தேனோடு பிசைந்து எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றொரு கட்சி கிளம்பியது. தினையும் தானியம்தான், அதிலும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் சர்க்கரை ஏறும் என்று மருத்துவர் ஒருவரை அழைத்துவந்து சொல்லவைத்தோம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும் என்றும் அவர் எச்சரித்தார். அவர்களுக்கு உபவாசம் கிடையாது என்று குருசாமி அங்கேயே தளர்த்திவிட்டார். ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதைக் கேட்ட நம் சமையல் சாமி, ஊறுகாய் வாளியைத் தானே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

செருப்பு பற்றிய விவாதம் மூன்று கூட்டங்கள் நீண்டது. வெறுங்காலோடு நடப்பதே யாத்திரை, அது தவிர்த்தால் உல்லாசப் பயணம் என்று ஒரு சாரார் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் 19 ஆண்டுகள் வெறுங்காலோடு நடந்தவன்தான். "காலை வைத்துக்கொண்டு வா, அடுத்த வருஷமும் நடக்கலாம்" என்று குருசாமி ஒரே வரியில் முடித்துவைத்தார். சர்க்கரை உள்ளவர்கள் மலையடிவாரம் வரை மென்மையான காலணி அணியலாம். தங்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒருவர் பாதத்தை இன்னொருவர் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஆண்டு பிப்ரவரி 9-ம் தேதி அதிகாலை 44 பேர் புறப்பட்டோம். ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று இந்தப் பாதை நெடுகச் சத்திரங்களின் பெயரிலேயே ஊர்கள் இருக்கின்றன. நமக்கு முன்னால் நடந்தவர்கள் எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஒட்டன்சத்திரத்தில் அன்றிரவு நான் பார்த்ததைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மளிகைக்கடை சாமியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தில் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், விரல் இழந்த அதே மூத்த சாமி. இம்முறை அவர் நடக்கவில்லை, தண்ணீர் வண்டியில் வந்திருந்தார். யாருக்கும் காயமில்லாமல் 11-ம் தேதி பூசத்தன்று தரிசனம் முடித்தோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தத்தைச் சர்க்கரைக்காரர்கள் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு, ஒரு சிட்டிகை என்று மருத்துவர் சொன்னார். சிட்டிகையின் அளவு ஆளுக்கு ஆள் மாறுபட்டது.

குறையையும் எழுதத்தான் வேண்டும். மாலை கழற்றிய மறுவாரமே காலை நடைக்கு 34 பேர் 16 ஆனார்கள். மார்ச் கடைசியில் ஒன்பது பேர். பீடியைத் திரும்பப் பிடித்தவர்கள் மூவர். 48 நாள் விரதத்தில் செய்ய முடிகிறதை 365 நாளுக்கு எப்படி நீட்டுவது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. செவ்வாய், வெள்ளி இரு நாள்களாவது கட்டாயம் என்று வைத்துப் பார்க்கலாம் என்பது பெண்கள் தரப்பு யோசனை. இன்று விவாதத்துக்கு வருகிறது.

உறுப்பினர்கள் 52 பேர். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஐப்பசியில் காலமானார். எழுந்து நின்று அஞ்சலி செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். வரவு: கையிருப்பு ரூ.6,120, சந்தா ரூ.10,400, நன்கொடை ரூ.41,500, ஆக ரூ.58,020. செலவு: யாத்திரை அன்னதானமும் வண்டியும் ரூ.39,200, கிருத்திகைப் பிரசாதம் ரூ.6,350, கருவிகள் ரூ.3,900, சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்புகள் ரூ.4,800, ஆக ரூ.54,250. மீதி ரூ.3,770. கருவியை விட ஸ்டிரிப்புக்கு அதிகம் செலவானதைப் பொருளாளர் சுட்டிக்காட்டச் சொன்னார். சுட்டிக்காட்டிவிட்டேன்.

மாசிக் கிருத்திகைக்குப் பிறகு ரத்த அழுத்தக் கருவி யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. வைத்திருக்கும் சாமி, கூட்டம் முடிவதற்குள் மேசையில் கொண்டுவந்து வைத்துவிடவும். கேள்வி கேட்க மாட்டோம்.

செயலர்