முத்திரை இருந்தது, ஊசி போடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மக்காவுக்குப் போகும் உம்ரா பயணத்துக்குத் தயாராவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். துஆக்கள் (பிரார்த்தனைகள்), பெட்டியில் வைக்க வேண்டிய சாமான்கள், ரியால் மாற்றுவது எல்லாம் விவரமாக இருந்தன. உடம்பைப் பற்றி மட்டும் ஒரே வரி: 'தேவையான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.' அந்த வரியைப் படித்ததும் போன வருடம் எங்களுக்கு நடந்ததை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

போன ஆகஸ்டில் என் உம்மாவை உம்ராவுக்கு அழைத்துப் போனேன். உம்மாவுக்கு 68 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது டிராவல்ஸில் இருந்து பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் ஒரு உறையில் வந்தன. கூடவே இரண்டு தடுப்பூசி அட்டைகள், உம்மா பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று. மூளைக்காய்ச்சல் ஊசி போட்டதாகத் தேதி, கையெழுத்து, நீல மையில் வட்ட முத்திரை. எங்களுக்கு யாரும் எந்த ஊசியும் போடவில்லை! போன் செய்து கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிட்டோம் லாத்தா, நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க" என்றார் அங்கே இருந்த தம்பி. நமக்கு ஒரு அலைச்சலை மிச்சப்படுத்திக் கொடுத்ததாகவே அவர் நினைத்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று மாலையே உம்மாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய், இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொண்டோம். சவூதி விதிப்படி அங்கே போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் வேண்டும் என்பதற்காக வைத்த கணக்கு அது. எங்களுக்கு ஐந்து நாள்தான் கிடைத்தது. டிக்கெட்டை மாற்ற முடியாததால் மாஸ்க்கும் பயமுமாகப் போய்வந்தோம்.

இந்த ஊசி வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். 1987 ஹஜ்ஜின்போது இந்த மூளை உறைக் காய்ச்சல் பரவியது. அது 'ஏ' வகைக் கிருமி. அதன்பின் ஊசி கட்டாயமானது. ஆனால் 2000-ல் ஹஜ் முடித்துத் திரும்பியவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் 'டபிள்யூ' என்ற வேறு வகை பரவியது. பல நாடுகளில் 400 பேருக்கும் மேல் நோய்வாய்ப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்று நான்கு வகைக்கும் சேர்த்துப் போடும் ஊசி கட்டாயமானது. தொண்டையில் கிருமியோடு திரும்பி வருகிறவருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அவர் மடியில் உட்காரும் பேரப்பிள்ளைக்கு வரலாம். பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் நாடுகளில் உம்ரா போய்வந்தவர்களும் அவர்களோடு பழகியவர்களுமாக 12 பேருக்கு இந்த நோய் வந்தது. ஊசி விவரம் தெரிந்த 9 பேரில் ஒருவர்கூடப் போட்டிருக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் நம் ஊரில் மூளைக்காய்ச்சல் என்றுதான் சொல்கிறோம். சின்ன வயதில் பள்ளியில் போட்டாச்சு என்று ஒரு பெண் என்னிடமே சொன்னார். அந்த ஊசி வேறு, இது வேறு.

ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்கு அரசே முகாம் வைத்து ஊசி போட்டு அனுப்புகிறது. உம்ராவுக்குத் தனியார் குழுவில் போகிறவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. அவர்களாகப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

அடுத்தது வெயில். மக்காவில் ஐந்தாம் நாள், மதிய லுஹர் தொழுகையைத் தொழுதுவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பும்போது உம்மா ரோட்டில் நின்று, "அடுப்பை அணைச்சியா?" என்று கேட்டார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் அதையே கேட்டார்கள். நெற்றியைத் தொட்டால் சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஒரு மலையாளி டீக்கடைக்காரர் ஓடிவந்து கடை நிழலில் உட்கார வைத்தார். துப்பட்டியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, மேலே தண்ணீர் ஊற்றி அட்டையால் விசிறினோம். அவரே 997-க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தார். அந்த எண்ணைக்கூட நான் தெரிந்து வைத்திருக்கவில்லை. எங்கள் கையில் இருந்த காகிதங்கள் எதிலும் அது இல்லை.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிய டாக்டர் இரண்டே கேள்விதான் கேட்டார். தண்ணீர் எவ்வளவு குடித்தார்கள்? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்? உம்மா தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம்) முறிந்துவிடும், பாத்ரூம் ஹரம் பள்ளிவாசலுக்கு வெளியே தூரத்தில் இருக்கிறது, முட்டி வலியோடு போய்வர வேண்டும் என்று அடக்கி வைத்திருக்கிறார்கள். கூட வந்த வயதான பெண்கள் பலரும் அதையேதான் செய்தார்கள். அதன் மேல் பிரஷருக்காகத் தினமும் சாப்பிடும் நீர் மாத்திரை வேறு. உடம்பில் இருந்த கொஞ்சம் நீரையும் அது வெளியேற்றிவிட்டது. கிளம்புமுன் எங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அளவை மாற்றிக் கொடுத்திருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

கடற்கரைக்காரர்களான நம்மை அந்த வெயில் ஏமாற்றிவிடும். காயல்பட்டினத்தில் கொஞ்சம் நடந்தாலே சட்டை நனையும், தாகம் எடுக்கும். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நடக்கிறோம். 2024 ஹஜ்ஜில் ஜூன் 17 அன்று மக்கா ஹரமில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்தார்கள் என்று சவூதி அரசே சொன்னது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்து, தங்க இடமில்லாமல் வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் மஞ்சளாக அடர்ந்து போனாலே தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கஃபாவைச் சுற்றிவரும் தவாஃபை இரவு இஷா தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இஹ்ராம் உடையில் இருக்கும்போது ஆண்கள் தொப்பி போடக் கூடாது, சரி. குடை பிடிக்கத் தடை இல்லையே!

சர்க்கரைக்காரர்கள் செருப்பை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். ஹரம் வாசலில் விட்டுவிட்டுத் தொலைத்தவர்கள் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வருவதைப் பார்த்தேன். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. ராத்திரி கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். உம்ரா முடித்து மொட்டை போடும்போது நாவிதர் புது பிளேடைப் பிரிக்கிறாரா என்று கண்ணால் பாருங்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவ ஒரு பழைய பிளேடு போதும். ஒட்டகப்பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். 2012-ல் முதன்முதலில் சவூதியில் கண்டறியப்பட்ட மெர்ஸ் என்ற சுவாச நோய் ஒட்டகத்திடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஒரு டாக்டரை எழுதச் சொல்லி, இதற்கென்றே ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். ஜமாஅத்துகள் பயணத்துக்கு முன் நடத்தும் வகுப்பில் துஆவோடு இதையும் அரைமணி நேரம் சொல்லிக்கொடுக்கட்டும். டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்கள் பாஸ்போர்ட் வாங்கும் அன்றே ஊசி எங்கே, எப்போது போட வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். முத்திரையை ஊசி போட்ட ஆஸ்பத்திரி குத்தட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
காயல்பட்டினம்