பழைய கணினியில் லினக்ஸ்: நிறுவும் முன் பார்க்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகளைத் தூக்கிப் போடாமல் அவற்றில் விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம் என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் தேவை. இதனால், எந்தக் குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பலவும் பழையவை என்று ஒதுக்கப்படும் நேரத்தில் அந்தக் கட்டுரை வந்தது பொருத்தமே. ஆனால் எவ்வளவு பழைய கணினியும் லினக்ஸால் புதிதாகிவிடும் என்ற தோற்றத்தைத் தந்துவிட்டு, அது நேரே நிறுவும் படிகளுக்குள் போய்விட்டது. நிறுவுவது இன்று எளிது. நாலைந்து கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுக் காத்திருந்தால் முடிந்துவிடும். புதியவர்கள் தடுமாறுவது அதற்கு முன்பும் பின்பும்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், எவ்வளவு பழைய கணினி என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டுக் கணினியும் இருபது ஆண்டுக் கணினியும் ஒன்றல்ல. செயலி ஒரு நேரத்தில் 64 பிட் தரவைக் கையாளும் வகையா, 32 பிட் தரவைக் கையாளும் பழைய வகையா என்பதே இங்கு எல்லைக்கோடு. 2006-இல் வெளிவந்த இன்டெல் கோர் 2 டுவோவும் அதற்குப் பின் வந்த பெரும்பாலான செயலிகளும் 64 பிட் வகையைச் சேர்ந்தவை. தொடக்க கால ஆட்டம் செயலி பொருத்திய சிறு மடிக்கணினிகள் சில மட்டும் விதிவிலக்கு. 32 பிட் கணினிகளை லினக்ஸ் உலகமும் மெல்லக் கைவிட்டு வருகிறது. லினக்ஸை வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு தொகுப்புகளாக வெளியிடுகின்றன; இவற்றை வழங்கல்கள் என்பார்கள். அவற்றில் உபுண்டு 2017-இலும், லினக்ஸ் மின்ட் தன் முதன்மைப் பதிப்பில் 2020-இலும் 32 பிட் கணினிகளுக்கான வெளியீட்டை நிறுத்தின. நெடுங்காலம் தாக்குப்பிடித்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைத் தருவதில்லை. அத்தகைய கணினியை வைத்திருப்பவருக்கு டெபியன் 12, ஆன்டிஎக்ஸ் போன்ற ஒன்றிரண்டு வழிகள் இன்னும் உண்டு என்றாலும், தட்டச்சு செய்யவும் பாட்டுக் கேட்கவும் அதைப் பயன்படுத்தலாமே தவிர, இணையத்துக்கான அன்றாடக் கணினியாக அதை நம்பச் சொல்வது நேர்மையாகாது.

அடுத்தது நினைவகம் (ரேம்). லினக்ஸ் மின்ட் குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்றும், வசதியாக இயங்க 4 ஜி.பி. நல்லது என்றும் சொல்கிறது. எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.கியூ.டி. போன்ற எளிய மேசைச் சூழல்களை (திரையில் பட்டியல், சாளரம் ஆகியவற்றைக் காட்டும் பகுதி) தேர்ந்தெடுத்தால் இயங்குதளம் தனக்கென எடுத்துக்கொள்ளும் இடம் குறைவுதான். ஆனால் நினைவகத்தை விழுங்குவது உலாவி. இன்றைய இணையப் பக்கங்கள் நாலைந்தைத் திறந்துவைத்தாலே 2 ஜி.பி. கணினி திணறத் தொடங்கிவிடும். எந்த லினக்ஸ் வழங்கலும் அந்தப் பக்கங்களின் எடையைக் குறைத்துவிடாது. எது சிறந்த வழங்கல் என்று ஆர்வலர்கள் ஓயாமல் விவாதிப்பதைப் பார்க்கிறேன். என் கணிப்பில் அந்தத் தேர்வைவிட நினைவகத்தை 4 அல்லது 8 ஜி.பி. ஆக்குவதும், சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் பல மடங்கு வேகத்தைத் தரும்.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன லைவ் முறையைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கும் இம்முறையில், நாமாக நிறுவலைத் தொடங்காதவரை வன்தட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். பதிவிறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை (வழங்கலின் நிறுவல் வட்டு முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) பென் டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் போதாது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். அதற்கு முன் கோப்பின் சரிபார்ப்புக் குறியீட்டை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எழுத்து, எண் வரிசை) வழங்கலின் இணையதளத்தில் தரப்பட்டுள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் பாதியில் பழுதான பதிவிறக்கம் நிறுவலின் நடுவே புரியாத பிழைகளைத் தரும். பிறகு கணினியைத் தொடங்கும்போது எஃப் 12, எஃப் 2, எஸ்கேப் என அந்தந்தத் தயாரிப்புக்கு உரிய விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்ய வேண்டும்.

லைவ் முறையில் நுழைந்ததும் திரையின் அழகை ரசித்துவிட்டு நிறுவு என்ற பொத்தானை அழுத்திவிடக் கூடாது. வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, திரையின் வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடித் திறந்தால் மடிக்கணினி விழித்துக்கொள்கிறதா, அச்சுப்பொறியைக் கண்டுகொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினிகளில், குறிப்பாக பிராட்காம் வைஃபை சில்லு உள்ளவற்றில், அந்தச் சில்லை இயங்கவைக்கும் மென்பொருளான இயக்கியைத் (டிரைவர்) தனியாக நிறுவ வேண்டி வரலாம். அதைப் பதிவிறக்கவும் இணையம் வேண்டும் என்பதால் ஒரு கேபிளையோ, கைப்பேசியை யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் வசதியையோ தயாராக வைத்திருக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து இயங்கும்போது எல்லாமே சற்று மெதுவாகத்தான் இருக்கும்; அதை வைத்து லினக்ஸின் வேகத்தை எடைபோட வேண்டாம்.

கோப்புகளை வேறு வட்டில் நகலெடுக்காமல் நிறுவலைத் தொடங்கக் கூடாது என்பதைக் கட்டுரை கடைசிப் பத்தியில் சொல்லியிருந்தது. முதல் பத்தியில் சொல்லியிருக்க வேண்டும். வட்டை அழித்து நிறுவு என்ற தேர்வு, புகைப்படங்கள் இருக்கும் டி டிரைவ் உட்பட அந்த வட்டிலுள்ள அனைத்தையும் அழித்துவிடும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு அருகில் லினக்ஸை நிறுவ விரும்புவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. விண்டோஸில் வட்டு பிட்லாக்கர் என்னும் பாதுகாப்பு வசதியால் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது பூட்டப்பட்டு இருந்தால், தொடக்க அமைப்புகளை மாற்றியபின் அது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து திருத்த முடியாமல் போகலாம். அதை நிறுத்திவிட வேண்டும். வட்டு சிறியதாக இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

பழைய கணினிகளுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. தாய்ப்பலகையிலுள்ள வட்டமான சிறு மின்கலம் தீர்ந்துபோயிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்த ஒவ்வொரு முறையும் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது உலாவி, பாதுகாப்பான தளங்களையும் நம்பத்தகாதவை என்று எச்சரிக்கும். மென்பொருள் புதுப்பிப்பும் மறுக்கப்படலாம். லினக்ஸில்தான் கோளாறு என்று புதியவர் எண்ணிக்கொள்வார். தேதியைச் சரிசெய்து மின்கலத்தை மாற்றினால் தீர்ந்துவிடும்.

விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளையோ ஃபோட்டோஷாப்பையோ நம்பி வேலை செய்பவர்கள் மாறும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. எழுதவும் கணக்குத்தாள் போடவும் லிப்ரே ஆபிஸ் போதும்.

தமிழில் எழுதுவோருக்காக ஒன்று. ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் என்னும் தட்டச்சு உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகை முறைகள் லினக்ஸில் கிடைக்கின்றன. யூனிகோடு தமிழ் எழுத்துருக்களுக்கும் குறைவில்லை. ஆனால் யூனிகோடு பரவும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். விண்டோஸை நீக்கும் முன் அதன் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக்களையும் நகலெடுத்துக்கொண்டு, பின்னர் லினக்ஸில் நிறுவிக்கொண்டால் ஆவணங்களைப் படிக்கலாம். யூனிகோடுக்கு மாற்றியும் வைத்துக்கொள்ளலாம். இந்த விவரங்களை அடுத்த வாரத் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு கட்டச் செய்தியாகவாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்