கிளாஸ் தண்ணீரும் சீசியம் அணுவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் குளிரணுக்கள் பற்றிய குறிப்பை வாசித்தேன். தமிழில் இதற்கு இடம் கொடுத்தமைக்கு நன்றி. ஆனால் லேசர் ஒளி அணுக்களை உறையவைத்துப் பிடிக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மறுநாளே என் வகுப்புக்கு வந்த உயர்தர மாணவி கேட்டுவிட்டாள்: “லேசர் சுடும் அல்லவா, ரீச்சர்? பிறகு எப்படிக் குளிராக்கும்?”

குளிர் என்பது அணுக்களின் ஓட்டம் தணிந்த நிலை. அறை வெப்பநிலையில் சீசியம் என்ற உலோகத்தின் அணுக்கள் செக்கனுக்கு 200 மீற்றர் அளவில் பறக்கின்றன. எதிரே வரும் அணு மட்டும் உறிஞ்சும்படி லேசரின் மீடிறனை, அதாவது ஒளியலை செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை, சற்றுக் குறைத்து வைத்தால், போட்டன் எனும் ஒவ்வோர் ஒளித்துகளும் அந்த அணுவைச் சிறிது பின்னே தள்ளும். இந்த வழிமுறைக்காகத்தான் 1997இல் சூ, கோஹென்-தனூஜி, பிலிப்ஸ் ஆகிய பௌதிகவியலாளர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதை அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

அவளை அசத்தியது சமையலறையிலிருந்து நான் கொண்டுவந்த ஒரு கிளாஸ் தண்ணீர். மேலிருந்து சாய்வாகத் தண்ணீருக்குள் பார்த்தால் கிளாஸின் பக்கச் சுவர் வெள்ளித் தகடுபோல் மின்னும். ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பும் அதுதான் முழு அகத்தெறிப்பு. விரலை நனைத்து வெளிப்புறத்தில் அழுத்தச் சொன்னேன். அந்த வெள்ளிக்குள் அவளுடைய பெருவிரல் ரேகை ஒவ்வொரு வரியாகத் தெளிந்து வந்தது. அவதிக்கோணத்தை, அதாவது ஒளி வெளியேறக்கூடிய எல்லைச் சாய்வை, தாண்டிய ஒளி முழுவதும் திரும்பிவிடும் என்றுதான் பரீட்சைக்கு எழுதுகிறோம். உண்மையில் அது திரும்புமுன் கண்ணாடிக்கு வெளியே மயிரிழையின் நூற்றில் ஒரு பங்கும் வராத தூரத்துக்குக் கசிந்து நிற்கிறது. ரேகையின் மேடுகள் தொட்டது அந்தக் கசிவைத்தான்.

இன்று அணுக்களை அதே கசிவிலும் பிடித்து வைக்கிறார்கள். ஜேர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் 2010இல் 500 நனோமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி நாரைச் சுற்றிச் சீசியம் அணுக்களை நிறுத்திக் காட்டினார்கள். நாருக்குள் இரண்டு நிற ஒளி. அணு உறிஞ்சும் அதன் சொந்த நிறத்தைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளி அணுவை நாரை நோக்கி இழுக்கும். குறுகிய அலைநீளமுள்ளது தள்ளும். தள்ளும் ஒளியின் கசிவு விரைவில் தேய்ந்துவிடும், இழுப்பது சற்று எட்டி நிற்கும். நாரின் பரப்பும் தன் பங்குக்கு அணுவை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்க்கும். மூன்றும் சமன்படும் இடத்தில், நாரிலிருந்து ஏறத்தாழ 200 நனோமீற்றர் தள்ளி, அணு நிற்கிறது. அதன் வெப்பநிலை, குளிரின் கடைசி எல்லையான தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்தில் இருக்கும் நாரோ நம் அறையைவிடக் குளிர்ந்ததன்று! இடையில் வெற்றிடம் இருப்பதால் அந்தச் சூடு அணுவை எளிதில் எட்டுவதில்லை.

நகர்த்துவதற்கும் வழி உண்டு. எதிரெதிராக இரண்டு லேசர் கதிர்களை விட்டால் இடம் பெயராத நின்ற அலை உண்டாகும். ஒன்றின் மீடிறனைச் சிறிது மாற்றினால் அந்த அலை நடக்கத் தொடங்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகளைச் சுமந்துவரும் பட்டியைப் போல அணுக்களும் கூடவே போகும். ஜேர்மனியின் பொன் (Bonn) நகரில் 2001இலேயே தனி அணுவை இப்படி ஒரு சென்ரிமீற்றர் வரை கொண்டுபோனார்கள்.

முப்பத்தொரு வருடம் அகத்தெறிப்பைக் கற்பித்தேன். இந்தக் கசிவைப் பற்றி ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்று விட்டுவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு. தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல இன்று தங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு வரியை ஒரு பக்கமாக்குங்கள். கிளாஸ் தண்ணீரின் படத்தையும் போடுங்கள். படம் வரைந்துதர நான் ஆயத்தம். என் மாணவி தன் தம்பிக்குக் காட்டவென்று அந்தக் கிளாஸையே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.