செயலாளரின் ஆண்டறிக்கை: ஆகஸ்ட் விடுமுறையும் பாலை நிகழ்வுகளும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வழமையான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எமது சங்கத்தின் மாதாந்த வாசிப்புக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலக அலுமாரி ஒன்றில் இராமபாணப் பூச்சி காணப்பட்டது. அலுமாரி ஈரச் சுவரோடு ஒட்டி நின்றதே காரணம். நூல்களை இறக்கித் தட்டித் துடைத்து, அலுமாரியை ஒரு சாண் முன்னுக்கு இழுத்து வைத்துள்ளோம். யாரும் திரும்பப் பின்னுக்குத் தள்ள வேண்டாம்.

மிச்சமெல்லாம், ஆகஸ்ட் விடுமுறையில் பாலையைத் தலைப்பாக வைத்துப் பிள்ளைகளுக்கு நாம் நடத்திய நிகழ்வுகள் பற்றியவை. தேசிய வாசிப்பு மாதம் ஒக்டோபரில் வருகிறது. திருகோணமலையில் அப்போதுதான் மழை தொடங்கும். வெளியில் நூல் விரிக்க ஆகஸ்ட் விடுமுறையே வசதி. தரம் 5 பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால் குறைவாகவே வந்தார்கள். அதற்கு எம்மிடம் மருந்தில்லை.

தலைப்பாகப் பாலையைத் தெரிந்தமைக்குச் சபையிலேயே முணுமுணுப்பு இருந்தது. பொதுவாக ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைந்த மழை பெறும் நிலத்தைப் பாலைவனம் என்பர். எமக்கோ அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதை இங்கே ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கலாம். எமது ஊரில் பாலை ஒரு பருவம். போதாக்குறைக்குப் பாலை மரமும் எமது காட்டு மரமே. தார், சகாரா பாலைவனங்கள் பற்றிய நூல்களை வாசித்துவிட்டு வளவுக்குள் இறங்கிப் பார்ப்பது என்பதுதான் திட்டம்.

முதல் நாள் திட்டம் பிழைத்தது. காலை பத்து மணிக்கு உப்புவெளிக் கடற்கரையில் தொடங்கியது எமது தவறு. பதினொரு மணிக்கு மணலில் செருப்பின்றிக் கால் வைக்க முடியவில்லை. மணலின் சூட்டை அளக்கப் பிள்ளைகளிடம் கொடுத்தவை காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிகள். அவை 42 பாகையோடு முடிபவை. உச்சி வெயிலில் உலர்ந்த மணலின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும். ஒன்று வெடித்தது. இரசத்தைக் கையால் தொடவிடாமல் தடித்த தாளால் ஒதுக்கி, போத்தலில் இட்டு மூட வேண்டியதாயிற்று. இனி 110 பாகை வரை காட்டும், சிவப்புத் திரவமுள்ள ஆய்வுகூட வெப்பமானி மட்டுமே பாவிக்கப்படும்.

இரண்டாம் நாள் தொடக்கம் எல்லாவற்றையும் சங்க வளவின் வேம்புக்குக் கீழே கொண்டுவந்து, காலை 6 முதல் 8.30 வரை, மாலை 4.30 முதல் 6.30 வரை என்று நேரத்தை மாற்றினோம். பாலைவன விலங்குகளில் பலவும் அப்படித்தான் வாழ்கின்றன. உச்சி வெயிலில் இரை தேடும் சகாராவின் வெள்ளி எறும்பும் சில நிமிடங்களில் வளைக்குத் திரும்பிவிடும்.

நூல்களுக்கும் வெயில் ஆகாது. தையல் இல்லாமல் பசை மட்டும் போட்டுக் கட்டிய நூலை வெயிலில் அரை மணி வைத்தால் பசை இளகி, விரித்த இடத்தில் தாள் கழன்று கையோடு வரும். கச்சான் என்னும் வறண்ட காற்றடிக்கும் நாட்களில் இன்னொரு தொல்லை. அட்டையின் வெளிப்புறம் பிளாஸ்டிக் படலம், உட்புறம் வெறும் தாள். தாள் மட்டும் காய்ந்து சுருங்குவதால் அட்டை உள்நோக்கிச் சுருளும். மாரியில் அதே அட்டை வெளிநோக்கி விரியும். மேசையில் பரப்பாமல் நெருக்கி நிமிர்த்தி அடுக்கிய நூல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிகழ்வுகளில் அதிகம் பேசப்பட்டது பானைக்குள் பானை. நைஜீரியாவில் 1990களில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் பரப்பிய முறை இது. பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஆற்றுமணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்து, ஈரச் சாக்கால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. மூன்று சோடி வைத்தோம், ஒன்றுதான் சரியாகக் குளிர்ந்தது. ஒன்றின் வெளிப்பானைக்கு வர்ணம் பூசியிருந்ததால் நுண்துளைகள் அடைபட்டுவிட்டன. மற்றதில் யாரோ கடல் மணலைப் போட்டுவிட்டார்கள். நாலாம் நாள் பானையின் வெளியே வெள்ளையாக உப்புப் பூத்தது, அதோடு குளிர்ச்சியும் போயிற்று. சரியான பானையும் கச்சான் நாட்களில்தான் நன்றாகக் குளிர்ந்தது. கடற்காற்று வீசிய மாலைகளில் பெரிதாக வித்தியாசமில்லை, ஏனென்றால் அந்தக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்தப் பானையும் குளிராது. மாரிக் காற்றிலும் ஈரம் மிகுதி; இதை மாரியில் செய்து காட்டும்படி கேட்டு வந்த கடிதத்துக்கு இதுவே பதில்.

மண்ணின் ஈரத்தை வெயிலில் ஆவியாக்கிப் பிடிக்கும், நீர் வடிக்கும் குழி பாதி வெற்றி. ஒரு மீற்றர் அகலம், அரை மீற்றர் ஆழம், நடுவில் பாத்திரம், மேலே தெளிந்த பொலித்தீன். விளிம்பை மணலால் இறுக்கி, பாத்திரத்துக்கு நேர் மேலே ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். பொலித்தீன் போதிய சரிவில்லாமல் கிடந்தால் துளிகள் நடுவுக்கு ஓடிவராமல் வழியிலேயே விழுந்துவிடும். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கொருமுறை திறந்து பார்த்ததில் சேர்ந்த ஆவியெல்லாம் வெளியே போயிற்று. காலையில் மூடினால் மாலை வரை தொடக்கூடாது. அப்படியும் கிடைப்பது சில மிடறுதான். குழிக்குள் பச்சை இலை போடலாம், எருக்கலையும் கள்ளியும் வேண்டாம், இரண்டின் பாலும் நஞ்சு.

செலவே இல்லாத நிகழ்வு, மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழியானைப் புழுவைப் பார்ப்பது. மழைத்துளி படாத தாழ்வாரத்துப் புழுதியில் புனல் போன்ற சிறு குழிகள் இருக்கும். ஈர்க்கு நுனியால் ஒரு மணியளவு மணலை உள்ளே உருட்டிவிட்டால், அடியில் புதைந்திருக்கும் புழு தலையை வெட்டி மணலை மேலே எறியும். குழியின் சரிவு மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லையிலேயே இருப்பதால், எறும்பு கால் வைத்ததும் நிலம் அதன் கீழே வழுக்குகிறது. ஈர மண்ணில் இது நடக்காது. துப்புரவு என்று தாழ்வாரத்துக்குத் தண்ணீர் தெளித்த அன்று ஒரு குழியும் இல்லை.

தடம் பார்க்கும் மேடைக்கு அரித்த மணலை மாலையில் இலேசாக நனைத்துச் சமப்படுத்தினோம். உடும்பின் தடத்தை இரு காலடிகளுக்கு நடுவே வால் இழுத்த கோட்டால் அறியலாம். ஆனால் பெரும்பாலான காலைகளில் கிடைத்தது ஊர் நாய்களின் வருகைப் பதிவேடுதான். நட்சத்திர ஆமையைப் படத்தில் மட்டுமே காட்டினோம். அதைப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம்.

ஒரு குறையைப் பதிவு செய்ய வேண்டும். கடற்கரைச் சிரமதானத்துக்கு வந்த ஒரு குழு, போத்தல்களோடு அடம்பன் கொடியையும் இராவணன் மீசை என்னும் புல்லையும் களையென்று பிடுங்கிக் குவித்தது. காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துபவற்றில் முக்கியமானவை அவை. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழியை மேடையில் சொன்னவர்களும் பிடுங்கியவர்களும் ஒரே ஆட்கள். மாரி தொடங்கியதும் முழ நீளத் தண்டுகளை, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி, அதே இடத்தில் நட்டோம்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழுவின் முன்மொழிவு: கடற்கரை நிகழ்வு வேண்டாம், நிகழ்வுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குவோம், நீர் வடிக்கும் குழியைப் பெரியவர்கள் மட்டும் திறப்பர். வர்ணம் பூசாத பானைகள் இரண்டு சோடி தேவை. இரவல் கொடுத்தவர்கள் தம் பானைகளைச் சங்க வளவில் பெற்றுக்கொள்ளலாம். உப்புப் பூத்ததை ஒரு கிழமை நன்னீரில் ஊறவைத்து, நீரை நாள்தோறும் மாற்றிய பின்னரே திருப்பிக் கொடுப்போம்.

இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை