தொப்பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சர்க்கரை நோய் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். கண், கிட்னி, கால் புண், இதயம் எல்லாம் வந்தது. வயதான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைகிற விஷயம் மட்டும் ஒரு வரிகூட இல்லை. டாக்டர்களும் இதைக் கேட்பதில்லை, நாங்களும் வாயைத் திறப்பதில்லை.

எனக்கு 63 வயது, சுகர் வந்து 14 வருடம், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், சாயங்காலம் நான்கு மணியானால் நாற்காலியை விட்டு எழ முடியாது, பேப்பரைப் பிரித்து வைத்தபடியே தூங்கிவிடுவேன், மற்ற விஷயத்தில் நாட்டமே போய்விட்டது. வயசாச்சு, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற டாக்டர் காலைத் தொட்டுப் பார்ப்பார், மாத்திரை எழுதுவார், இதைக் கேட்க மாட்டார். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கும்போது நானாக எப்படிச் சொல்வது?

கடைசியில் நானே ஒரு லேபுக்குப் போனேன். சாயங்காலம் ஐந்தரை மணி, பஜ்ஜியும் காபியும் உள்ளே போயிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் 228 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்று கணக்கு) என்று வந்தது, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அந்தத் தாளோடு போன இடத்தில் பத்தே நிமிடத்தில் ஊசி ஆரம்பிக்கலாம் என்றார்கள். விலையைக் கேட்டுத் திரும்பிவிட்டேன், நல்ல வேளை.

அப்புறம் பார்த்த ஹார்மோன் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ரத்தம் குடுத்தீங்க?" இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டால் இறங்கும். அதனால் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் பார்த்தால்தான் கணக்கு. அப்படிப் பார்த்ததில் 281, 290. பொதுவாக 300க்குக் கீழே போனால் குறைவு என்கிறார்கள். பிறகு டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தார், தையல்காரர் தவிர யாரும் அதுவரை அளந்ததில்லை. 104 செ.மீ. இந்திய ஆண்களுக்கு 90தான் எல்லையாம். "திருடன் இங்கதான் இருக்கான்" என்று தொப்பையைத் தட்டினார்.

கொழுப்பில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. மூளையிலிருந்து விரைகளுக்குப் போக வேண்டிய உத்தரவும் மந்தமாகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இந்த ஹார்மோனைச் சுமக்கும் புரதமே குறைந்துவிடும், அதனால் ரிப்போர்ட்டில் மொத்த அளவு இறங்கித் தெரிந்தாலும் புரதத்தில் ஒட்டாமல் தனியாக ஓடுவது போதுமான அளவு இருக்கலாம், அதையும் பார்க்காமல் ஊசியைத் தூக்கக் கூடாது. வயது மட்டும் காரணம் என்றால் வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவில்தான் இறங்கும். ஹார்மோன் குறைந்தால் தசை கரைந்து தொப்பை ஏறும், சுகரும் கூடவே ஏறும், இது ஒரு சுழல். விறைப்புக் கோளாறு வேறு கதை, சர்க்கரைக்காரர்களுக்கு அது பெரும்பாலும் ரத்தக் குழாயும் நரம்பும் கெட்டு வருவது, ஹார்மோன் ஊசி மட்டும் போட்டால் தீராது.

ஊசியே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரை வயிறு பெருத்த, சுகர் எல்லையில் நின்ற அல்லது புதிதாகச் சுகர் தெரியவந்த 1,007 பேரை எடை குறைக்கும் திட்டத்தில் சேர்த்து, பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் போட்டார்கள், முடிவு 2021இல் வந்தது. இரண்டு வருடம் கழித்து ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேர் சர்க்கரை நோய் அளவில் இருந்தார்கள், மருந்தில்லாத வெற்று ஊசி போட்ட மற்ற பாதியில் 21. ஆனால் மருந்து ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சிவப்பணு அளவுக்கு மீறி ஏறி ரத்தம் தடித்தது. தவறாமல் ரத்தத்தைக் கவனிக்கிற டாக்டர் இல்லாமல் இதில் இறங்கினால் என்ன ஆகும்?

எனக்கு ஊசி தேவைப்படவில்லை. ராத்திரி சோற்றை நிறுத்தி, காலையில் நடந்து, 11 மாதத்தில் 9 கிலோ குறைந்தது (பஜ்ஜியை முழுதாக விட்டேன் என்று சொன்னால் வீட்டம்மா சிரிப்பாள்). பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. ஹார்மோன் 366.

ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே, மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் அறை எடுத்து 'இழந்த இளமை'யை மீட்டுத் தரும் வைத்தியரின் விளம்பரம். பேப்பர் விலை எனக்கும் புரிகிறது. கொஞ்சம் தள்ளி வேறு பக்கத்திலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி