நெப்ராஸ்கா கிழவர்களின் நினைவுகளை வாசிக்கும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் முதுமையில் சொன்ன நினைவுகள் என்று ஒமாஹாவிலிருந்து நீ அனுப்பிய மூன்று நேர்காணல்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன என்று அலுத்துக்கொண்டிருந்தாய். புல்மண் வீட்டை 2 நாளில் கட்டினோம் என்கிறார் ஒருவர், 3 வாரம் ஆயிற்று என்கிறார் இன்னொருவர், பனிப்புயல் அடித்த வருடமோ ஆளுக்கு ஒன்று. இதில் யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். தன் கையால் செய்த வேலையைப் பற்றி அந்தக் கிழவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். வருடமும் எண்ணிக்கையும்தான் காலை வாரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் அந்தத் தாள்கள் எப்படி உருவாயின என்று பார். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த எழுத்தாளர்களுக்கு அமெரிக்க அரசு பிழைப்புக் கொடுத்த திட்டத்தில் எழுதப்பட்டவை அவை. பெரும்பாலானவற்றுக்கு ஒலிப்பதிவு கிடையாது. கேட்டவர் பென்சிலில் குறிப்பெடுத்து, பிறகு தட்டச்சு செய்தார். ஆகவே வாக்கிய அழகை வைத்துப் பேசியவரை எடைபோடாதே, அது தட்டச்சு செய்தவருடையதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு நேர்காணலுக்கும் நான்கு படிவங்கள் உண்டு. ஏ-யில் இடமும் தேதியும், பி-யில் பேசியவரின் வாழ்க்கைக் குறிப்பு, சி-யில் பேச்சு, டி-யில் கேட்டவரின் கூடுதல் குறிப்பு. எல்லோரும் நேரே சி-க்குத்தான் பாய்கிறார்கள். நீ பி-யிலிருந்து தொடங்கு. 1938-ல் 75 வயதென்றால் 1863-ல் பிறந்தவர். 1873-ல் வந்திருந்தால் அப்போது அவருக்கு வயது 10. பக்கத்து மாநிலமான அயோவாவில் இருந்த நிலத்தை அப்பா ஏன் விட்டுவந்தார் என்று அவர் சொல்வது பெரியவர்கள் பேசிக் காதில் விழுந்தது. மண்கட்டி சுமந்ததும் அடுப்புக்குச் சாணம் பொறுக்கியதும் அவரே செய்தது.

இப்போது வீட்டுக் கணக்கு. மரமில்லாத சமவெளியில் கிடைத்த ஒரே கட்டுமானப் பொருள் புல்வேர் பின்னிய மேல்மண்தான். அதைச் சீவ ஒரு தனிக் கலப்பை இருந்தது, வெட்டுக்கிளிக் கலப்பை என்பார்கள். சாதாரணக் கலப்பை மண்ணைப் புரட்டி உடைத்துவிடும். இது ஓர் அடி அகலத்தில், 4 அங்குலக் கனத்தில், நாடாபோல உரித்துத் தரும். அதை மண்வெட்டியால் 3 அடித் துண்டுகளாக நறுக்க வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே வெட்டவேண்டும். அன்று அடுக்க முடிந்த அளவுக்குத்தான் வெட்டவேண்டும், காய்ந்தால் உதிர்ந்துவிடும். புல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி, மூட்டுக்கு மேல் மூட்டு வராதபடி இரட்டை வரிசையாக அடுக்கினால் சுவர் 2 அடி கனம் வரும். மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை கட்டிகளைக் குறுக்கே போட்டுப் பிணைப்பார்கள். இதை விட்டவர்களின் சுவர் நெடுக்காகப் பிளந்துகொள்ளும்.

16-க்கு 20 அடி வீடு, 8 அடி உயரம் என்று வைத்துக்கொள். ஒரு கட்டி சரியாக ஒரு கன அடி. மூலையும் கதவு ஜன்னலும் கழித்தால் சுமார் 1,000 கட்டிகள். ஒன்று 23 கிலோவுக்குக் குறையாது. ஆகக் குறைந்தது 23 டன் மண். உரித்த நாடாவின் நீளம் மட்டும் 3,000 அடி. இதை அப்பாவும் பிள்ளையும் 2 நாளில் முடித்தார்கள் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 250 கட்டி வெட்டி, வண்டியில் ஏற்றி, இறக்கி, தோளுயரத்துக்குத் தூக்கி அடுக்கியிருக்க வேண்டும். நடக்கிற காரியமா? அக்கம்பக்கத்து ஆறேழு பேர் வந்திருந்தால் நடக்கும். அந்தக் கிழவர் பொய் சொல்லவில்லை, உதவிக்கு வந்தவர்களைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அல்லது வீடு இதில் பாதி அளவாக இருந்திருக்கலாம். வீட்டின் அளவு தெரியாமல் நாள்கணக்கை ஒப்பிடாதே.

உண்மையில் கட்டியவர் பேசுகிறாரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஜன்னலைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பார். மண்சுவர் முதல் வருடத்தில் பல அங்குலம் அமுங்கும். அதனால் ஜன்னல் நிலைக்கு மேலே இடைவெளி விட்டு, கந்தலையோ புல்லையோ திணித்து வைப்பார்கள். இல்லாவிட்டால் சுவர் நிலையை அழுத்திக் கண்ணாடி தெறித்துவிடும். கேள்விப்பட்டுச் சொல்பவர் வாயில் இந்தக் கந்தல் வராது. கூரையும் அப்படித்தான். முகட்டு வளை, கைமரம், மேலே வில்லோ மரக் குச்சி, காய்ந்த புல், அதற்கும் மேல் மண்கட்டி. மழையில் ஊறியதும் பாரம் ஏறி வளை தொய்யும், சிலசமயம் முறியும். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சேற்றுநீர் நாள்கணக்கில் சொட்டும். உதிரும் மண்ணையும் பூச்சியையும் தாங்கக் கூரைக்கடியில் மெல்லிய துணியை விதானமாகக் கட்டினார்கள்.

ஆனால் சில கதைகள் எல்லோரிடமும் வரும், கவனம். காய்ந்த சாணத்தை முதலில் இடுக்கியால் எடுத்தாள், பிறகு துணியால், பிறகு வெறுங்கையால், கடைசியில் கை கழுவாமலே ரொட்டிமாவைத் தொட்டாள் என்ற வேடிக்கை ஊர்ச்சொத்து. எந்தப் பாட்டியின் பெயரிலும் அதைப் பதிவு செய்துவிடாதே. 1888 பனிப்புயலும் அப்படி. ஜனவரி 12, காலையில் இதமான வெயில், பிள்ளைகள் கனத்த கோட்டில்லாமல் பள்ளிக்குப் போன நாள். 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மைரா வேலி மண்பள்ளியின் கூரை பிய்ந்தபோது ஆசிரியை மின்னி ஃப்ரீமன் மாணவர்களை ஒரு பண்ணைவீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றினார். கயிற்றால் கட்டி அழைத்துப் போனார் என்று பத்திரிகைகள் எழுதின. கயிறு இருந்ததா இல்லையா என்பதில் இன்றும் சர்ச்சை தீரவில்லை. அந்தக் கயிறு பிறகு எத்தனையோ பேருடைய நினைவுக்குள் புகுந்துவிட்டது. எனவே வருடத்தை ஊருக்கே தெரிந்த நிகழ்ச்சிகளோடு கட்டிப் பார்: 1873 ஈஸ்டர் புயல், 1874 வெட்டுக்கிளிப் படை, 1888 பனிப்புயல். 1879-ல் குடியேறியவர் 1874 வெட்டுக்கிளியை நேரில் பார்த்ததுபோல் விவரித்தால், அது அண்டைவீட்டார் சொன்ன கதை.

தாங்கள் வந்தபோது அது ஆளில்லாத 'வெற்று நிலம்' என்ற பேச்சு வரும் இடத்தில் நின்று வாசி. அங்கே வாழ்ந்த பழங்குடியினரான பானி மக்கள் அமெரிக்க அரசோடு செய்த 1857 ஒப்பந்தத்தில் நிலத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, இன்றைய நான்ஸ் மாவட்டத்தில் ஒதுக்கிய இடத்தில் இருந்தார்கள். 1870களின் நடுவில்தான் தெற்கே ஓக்லஹோமாப் பக்கம் போனார்கள். 1873-ல் வந்த பையன் அவர்களைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. ரொட்டி கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த முகமாக மட்டுமே அவர்கள் இந்த நேர்காணல்களில் வந்து போவதற்குக் காரணம், கேள்வி கேட்டவர்கள் அதற்குமேல் கேட்காததும்தான். ஓக்லஹோமாவில் 1937 வாக்கில் எடுத்த நேர்காணல் தொகுப்பில் பழங்குடி முதியவர்களின் குரலும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசி.

கடைசியாகக் காகிதம். குடியேறுவோருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 சட்டப்படி 160 ஏக்கருக்கு உரிமை கேட்டவர், 5 வருடம் குடியிருந்ததை இரண்டு சாட்சிகளோடு நிரூபிக்கவேண்டும். வீட்டின் அளவு, குடிவந்த நாள், உழுத ஏக்கர், வெளியூர் போயிருந்த மாதங்கள் எல்லாம் அந்த வாக்குமூலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதிலும் தில்லுமுல்லு உண்டு: '12-க்கு 14 வீடு' என்று சத்தியம் செய்தவர் அடியா அங்குலமா என்று சொல்லவில்லை, கையளவு பொம்மை வீட்டை வைத்திருந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நெப்ராஸ்காவின் 1885 மாநிலக் கணக்கெடுப்பையும் பார். 1890 கணக்கெடுப்பைத் தேடி நேரத்தை வீணாக்காதே. 1921 தீயில் பெரும்பகுதி நாசமாகி, மிஞ்சியதையும் பிறகு அழித்துவிட்டார்கள்.

மூன்று பேரின் படிவம் பி-யையும் ஸ்கேன் செய்து அனுப்பு. அதற்குள் நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் அவர்களுடைய அப்பாக்களின் பெயரைப் போட்டு நிலம் இருக்கும் இடத்தைக் குறிக்கும் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் என்ற அளவை எண்களை எடுத்துவை. அவை கையில் இருந்தால்தான் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த வாக்குமூலங்கள் உள்ள நிலக் கோப்புகளைத் தேடிப் பிடிப்பது சுலபம். செக், ஸ்வீடிஷ் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேடு.

அன்புடன்,
அண்ணன்